ரோல்ஸை வீட்டில் விட்டுப் போன நாள்

எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். யார் செத்தது என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நாள் முழுவதும் லண்டன் கால்வாயில் ஒரு படகில் மழையில் நனைந்தபடி, யாரையும் கேட்காமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆர்ச்வேயில் ஒரு கடைக்கு மேலே, ஏணி மாதிரி நட்டுக்குத்தாக நிற்கும் படிகள் ஏறிப் போகும் வீட்டில் நானும் அண்ணையும் இருந்தோம். சொந்த அண்ணன் இல்லை. ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஊர், என்னைவிட மூத்தவர். இருவரும் ஒரே பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தோம். அண்ணை நன்றாகச் சமைப்பார், நன்றாகச் சண்டை பிடிப்பார், பொய் சொல்ல மட்டும் அவருக்கு வராது.

எங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் கால்வாயில் ஒரு படகில் குடியிருந்தார். வயதானவர், தனிக்கட்டை. நீண்டு ஒடுங்கிய இரும்புப் படகு; உள்ளே கட்டில், நிலக்கரி அடுப்பு, பூச்சாடி எல்லாம் உண்டு. அண்ணையின் கணக்கில் அவர் வீடு வாசல் இல்லாத பாவப்பட்ட மனுசன். அதனால் ஷிப்டுக்கு வரும்போதெல்லாம் அவருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவார். தான் விரும்பித்தான் படகில் இருக்கிறேன் என்று கிழவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சோற்றை வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

படகை ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்க விடமாட்டார்கள், இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிழவருக்குத் தோள்மூட்டில் அடிபட்டிருந்தது. கிங்ஸ் குரொஸ் பின்பக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரைக்கும் படகைக் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. வழியில் தண்ணீரை இறக்கிப் படகை இறக்குகிற மதகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இறங்கி, பெரிய மரக் கதவுகளைத் தள்ளித் திறக்க வேண்டும். ஒக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகச் சனி இரவே மட்டன் ரோல்ஸ் உருட்டிப் பொரித்து, ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி ஃபிரிஜ்ஜில் வைத்தார். ஒன்றை நான் எடுக்கப் போனபோது கையில் அடி விழுந்தது.

ஞாயிறு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. தண்ணீரை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணையின் குரல் கேட்டது. "ஓம்... ஓம்... எப்பவாம்... சரி. பின்னேரம் வரைக்கும் நான் பாத்துக்கொள்ளுறன்." நான் வெளியே வந்து யார் என்று கேட்டேன்.

"பிழையான நம்பர்" என்றார்.

பிழையான நம்பர்காரனிடம் எதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்று நக்கலடிக்க வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது.

திருநீறு பூசிவிட்டுச் சாமிப்படத்துக்கு விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தேன். "இண்டைக்கு விளக்கு வேண்டாம். நேரம் போட்டுது" என்றார் அண்ணை, திரும்பிப் பார்க்காமலே. காய்ச்சலில் கிடந்தாலும் அந்த விளக்கை ஏற்றவைக்காமல் விடாத மனிதர். நான் தீப்பெட்டியைக் கீழே வைத்தேன். பிறகு அவர் உருளைக்கிழங்குப் பிரட்டலைப் பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சுற்றிப் பைக்குள் போடுவதைப் பார்த்தேன். பால் எடுக்க ஃபிரிஜ்ஜைத் திறந்தபோது ஐஸ்கிரீம் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

"ரோல்ஸ்?"

"அது புளிச்சுப் போச்சு."

இரவு பொரித்த ரோல்ஸ் குளிருக்குள் இருந்து விடியற்காலைக்குள் புளிக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளக்கு ஏற்றக்கூடாது, மச்சம் மாமிசம் தின்னக்கூடாது என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரு பொருள்தான் இருக்கிறது. துடக்கு, சாவுத் தீட்டு. அவருடைய வீட்டில் சாவென்றால் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நிற்கமாட்டார். ஆகவே அது என் வீட்டில்.

நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாலை ஊற்றித் தேத்தண்ணியைக் கலக்கிக் குடித்தேன். சூடு தெரிந்தது, இனிப்புத் தெரியவில்லை.

அண்ணை ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்கு விளங்கியது. இங்கே எங்கள் ஆட்களிடம் சாவுச் செய்தியைத் தனியொருவர் சொல்வதில்லை. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று நாலு பேர் கூட வேண்டும். பொம்பிளைகள் வர வேண்டும். அதற்குப் பிறகு பெரியவர் ஒருவர் தோளில் கை வைத்துச் சொல்வார். அதுவரைக்கும் ஆளைத் தனியே விடக்கூடாது. பிளேஸ்டோவில் ஒருவனுடைய தாய் செத்தபோது நானே அப்படிப் போய் அவனோடு இருந்திருக்கிறேன். மற்ற ஆட்கள் வந்து சேரும்வரை அவனும் நானும் டெலிவிஷனில் ஸ்நூக்கர் பார்த்தோம். அவன் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். நானும் சிரித்தேன். அன்றைக்கு என்னுடைய வேலை அது. இன்றைக்கு அண்ணையின் வேலை. சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட மோசமாகத்தான் செய்தார்.

கிங்ஸ் குரொஸ்ஸில் இறங்கும்போதே மழை பிடித்துவிட்டது. ஊர் மழை மாதிரிக் கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. சிறு தூறலாக, நாள் முழுக்கப் பெய்வதற்கென்றே வந்த மழை. கிழவர் சுக்கானைப் பிடித்தபடி படகின் பின்பக்கம் நின்றார். அண்ணை அவருக்குப் பக்கத்தில். நான் முன்பக்கத்தில் ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இஞ்சின் டுக் டுக் என்று அடித்தது. கரையில் நாயோடு நடந்துபோன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்திலேயே சுரங்கம் வந்தது. இஸ்லிங்டனுக்கு அடியில் படகு மட்டும் போகக்கூடிய அளவு துவாரம். அடுத்த முனையில் ஒரு சிறு வெளிச்சம் தெரியும், ஆனால் அது கிட்ட வருவதாகவே தோன்றாது. மேலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த இருட்டில்தான் முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். அப்பா, அம்மா, தம்பி. எனக்கு இருந்தது மூன்றே பேர்.

அண்ணையை இப்போதே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். அவரால் மறைக்க முடியாது. ஆனால் கேட்டவுடன் ஒருவர் போய்விடுவார். கேட்காவிட்டால் மூன்று பேரும் இருப்பார்கள். சிறுபிள்ளைத்தனமான யோசனைதான். அதை நம்பித்தான் அந்த நாளைக் கழித்தேன்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கிழவர் சுக்கானை அண்ணையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பில் பேக்கன் பொரித்தார். மழைக்குள் அந்த வாசம் எங்கேயோ பசியைக் கிளப்பியது. தட்டை என்னிடம் நீட்டினார். அண்ணை பின்பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் கத்தினார், எங்களுக்கு இன்றைக்கு விரதம், இறைச்சி சாப்பிடமாட்டோம் என்று.

"போன ஞாயிற்றுக்கிழமை என் சொசேஜ் முழுவதையும் தின்றவன் நீதானே?" என்றார் கிழவர்.

"அது போன கிழமை" என்றார் அண்ணை.

கிழவர் தோளைக் குலுக்க நினைத்து, நோவில் முகத்தைச் சுளித்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போனார். நான் உருளைக்கிழங்குப் பாணைச் சாப்பிட்டேன். அண்ணையும் அதையேதான் சாப்பிட்டார். அவருக்குத் துடக்கு இல்லை, அவர் தாராளமாகப் பேக்கன் தின்றிருக்கலாம். எனக்காகத்தான் அவர் அதைத் தொடவில்லை. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவரை ஏமாற்றுவதென்றால் ஒழுங்காக ஏமாற்ற வேண்டும். மட்டன் ரோல்ஸைக் கையில் தந்து தின்னவிட்டிருந்தால் நான் பின்னேரம் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பேன். அது அவரால் முடியாது. தெரியாமல் நான் தின்றால் என் மேல் பாவம் இல்லை, தெரிந்து தின்னவிட்டால் பாவம் தனக்கு என்று பயந்திருப்பார். என்னிடம் செய்தியை மறைக்கத் துணிந்தவருக்கு அந்த ஒன்றில் மட்டும் துணிவு வரவில்லை.

முதல் மதகில் படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். கிழவர் தந்த வளைந்த இரும்புப் பிடியைப் போட்டுச் சுற்றினால் கீழே ஓட்டை திறந்து தண்ணீர் வடியும். கிழவரோடு படகு பாசி பிடித்த சுவர்களுக்கு நடுவே மெல்ல இறங்கியது. நான் அவசரப்பட்டுக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்.

"இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வரவேண்டும். அதுவரைக்கும் யானை வந்து தள்ளினாலும் திறக்காது" என்று கீழேயிருந்து கிழவர் சொன்னார்.

நான் கதவின் நீண்ட மரக்கையில் உட்கார்ந்தேன். எதிர்க்கதவில் அண்ணை உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார். அவர் மூக்கு நுனியில் மழைத்தண்ணி நின்றது. தம்பியாக இருந்தால் இவரால் இப்படி இருந்திருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். தம்பிக்குப் பத்தொன்பது வயது. சைக்கிளில் சந்திக்குப் போனால் வந்து சேரும்வரை அம்மா படலைக் கதவடியில் நிற்கும் காலம். இளம் பிள்ளை செத்திருந்தால் அண்ணை வெங்காயத்தைச் சாட்டாக வைத்தாவது அழுதிருப்பார். அவர் அழவில்லை. ஆகவே தம்பி இல்லை. அப்படி ஒரு முடிவுக்கு வந்து, தம்பியை ஒரு பக்கம் எடுத்து வைத்தேன்.

மிச்சம் இரண்டு பேர்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம் என்று பல நோய்கள் இருந்தன. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சண்டை நடக்கும் ஊரில் ஷெல் விழுவதற்கு வருத்தம் வேண்டியதில்லை. அப்பாவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கணக்கின் அடியில் விடை வருவது போல அது வந்து நின்றது. அதற்குப் பிறகும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறந்தது. நாங்கள் படகை வெளியே விட்டோம்.

அடுத்த மதகுக்குப் பக்கத்தில் ஒரு தெரு இருந்தது. அண்ணை பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். பாலத்துக்கு மேல் ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி. கண்ணாடிக்குள் அண்ணை நின்று ரிசீவரைக் காதில் பிடித்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மற்றக் கையை நெற்றியில் வைத்திருந்தார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"பால் எங்கே?" என்றார் கிழவர்.

அண்ணை அவரை இழுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போனார். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மழை ஞாபகம் வந்தது போல மறுபடி போட்டுக்கொண்டார். இப்போது கிழவருக்கும் தெரியும். அந்தப் படகில் அது யாரென்று தெரியாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு ஹக்னி பக்கம். கேஸ் நிரப்பும் பெரிய இரும்புக் கூடுகள், கண்ணாடி உடைந்த பழைய தொழிற்சாலைகள், பச்சைக் குடைக்குள் அசையாமல் இருந்த மீன்பிடிகாரர்கள். தண்ணீர் முழுவதும் மஞ்சள் இலை. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. கோட்டுப் பையில் விட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்தும் விடவில்லை. ஒரு இடத்தில் கிழவரிடம், படகைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக முடியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

"இங்கே திருப்ப முடியாது. படகு கால்வாயின் அகலத்தைவிட நீளம். அகலமான இடம் வரும், அதுவரை போய்த்தான் ஆகவேண்டும்" என்றார். வழக்கமாக என்னோடு அவ்வளவு மெதுவாகப் பேசமாட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். பால் இல்லாத தேநீர். நான் கேட்காமலே நிறையச் சீனி போட்டிருந்தார்.

விக்டோரியா பார்க்கில் படகைக் கட்டும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணை கயிற்றை இரண்டு முறை தப்பாகக் கட்டி, கிழவர் அவிழ்த்து மறுபடி கட்டினார். பையை எடுத்துக்கொண்டு கரையில் நின்றோம். கிழவர் என்னிடம் வந்து, நோகாத கையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"உன் அப்பாவின் விஷயம் கேட்டு மிகவும் கவலைப்படுகிறேன்" என்றார்.

அவர்களுடைய வழக்கம் அது. துக்கம் உள்ளவனிடம் போய் நேரே சொல்லிவிடுவார்கள். நாலு பேர் கூடவேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்னும் சொல்லவில்லை என்பதை அண்ணை அவருக்குச் சொல்ல மறந்திருக்கிறார். அண்ணை பேயறைந்த மாதிரி நின்றார்.

நான் அண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"அப்ப அம்மா இருக்கிறாவோ?"

"என்னடா?"

"அம்மா இருக்கிறா, என்ன?"

"ஓம்" என்றார். "ஓம் ராசா, அம்மா இருக்கிறா. தம்பியும் இருக்கிறான். உனக்கு எப்பவடா தெரியும்?"

"ரோல்ஸை விட்டிட்டு வந்தனீங்கள்."

அண்ணை பையைக் கீழே போட்டுவிட்டு அழுதார். கிழவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கால்வாயைப் பார்த்தார். நான் அழவில்லை. எனக்கு அந்த நேரம் வந்தது ஆறுதல். அதைச் சொல்ல வேறு சொல் இல்லை. அம்மா இருக்கிறா, அம்மா இருக்கிறா என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதற்குள் எங்கேயும் இல்லை.

பஸ்ஸில் அண்ணை விஷயத்தைச் சொன்னார். நெஞ்சு வருத்தம்தானாம். ஊரில் டெலிபோன் இல்லாத காலம். யாரோ ஒருவர் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மோர்டனில் இருக்கும் மாமாவுக்குச் சொல்லி, மாமா காலையில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறார். நான் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்திருக்கிறான். நான் மழையில் கதவு தள்ளிக்கொண்டிருந்தபோது எல்லாம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

"மாமா அங்கை வந்து இருக்கிறார்" என்றார் அண்ணை. "அவர்தான் சொல்லவேணுமெண்டு நிக்கிறார். உனக்குத் தெரியுமெண்டு காட்டிக்கொள்ளாதை. நான் சொல்லிப்போட்டன் எண்டு என்னைத் திட்டுவார்."

அதையும் செய்தேன். படியேறிப் போனபோது வாசலில் சப்பாத்துகள் குவிந்திருந்தன. மாமா என்னை உட்காரவைத்து, மாமி தந்த தேத்தண்ணியைக் குடிக்கவைத்து, தோளில் கை வைத்துச் சொன்னார். நான் அப்போதுதான் கேட்பது போல் கேட்டேன். பொம்பிளைகள் குரல் எடுத்து அழுதார்கள். என்னைப் பார்த்துப் பார்த்து, "பாவம், பொடியன் விறைச்சுப் போனான்" என்றார்கள். அது உண்மைதான், ஆனால் அவர்கள் நினைத்த காரணத்தால் இல்லை. எல்லோரும் போனபிறகு அண்ணை ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக் குப்பைப் பைக்குள் கொட்டினார். ரோல்ஸ் புளித்திருக்கவில்லை, வாசம் நன்றாகவே இருந்தது.

செலவு, அந்தியேட்டி என்று சாவுச் சடங்குகள் எல்லாம் ஊரில் தம்பி செய்தான். இங்கே நான் மொட்டை அடித்துக்கொண்டு பெட்ரோல் விற்றேன். நடந்தேன், தூங்கினேன், பஸ் பிடித்தேன். அப்பாவை நினைத்து அழுகை வருமென்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அடுத்த வருடம் அம்மா எப்படியோ கொழும்புக்கு வந்துசேர்ந்தார். ஒரு கடையிலிருந்து எனக்கு டெலிபோன் எடுத்தார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரல். நான் கேட்டுக்கொண்டே போனேன்: சாப்பிட்டனீங்களோ, பயணம் எப்பிடி, படுக்க வசதியோ, தம்பி ஒழுங்காய்ப் பாக்கிறானோ. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"நீ அப்பாவைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கடைசியாய் என்ன சாப்பிட்டவர், அம்மா?"

"ஆட்டிறைச்சிக் கறி கேட்டவர்" என்றார் அம்மா. "டொக்டர் வேண்டாமெண்டவர் எண்டு நான் ஒளிச்சு வைச்சுப்போட்டுப் புளிச்சுப் போச்செண்டு சொன்னனான். நம்பேல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சவர். அடுத்த நாள் விடிய ஆள் இல்லை."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. லைன் அறும்வரை அம்மா மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தார்.